வேலை முடிந்த படம்

கொற்றவிளைத் தோட்டுக்கரை அந்த இடவ மாதம், அதாவது வைகாசியில், இருந்த சுத்தத்தில் அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை. தோடு என்றால் பெரிய ஆறு ஒன்றுமில்லை. பாறசாலைக்குக் கிழக்கே ரப்பர் மேட்டில் ஊறி, ஏலா என்று நாங்கள் சொல்கிற பள்ளமான வயல்வெளியின் நடுவே இறங்கி, வாழைக்கும் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கும் தண்ணீர் காட்டிவிட்டு, திருப்புறம் வழியாகக் கடலைப் பார்த்துப் போகிற ஓடை. அதில் குளிக்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் இப்போது கிடையாது. இறங்குகிறவர்கள் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் மட்டும்தான். மழைக்கு முன்னால் தோட்டைத் தெளிக்க வேண்டும், கரைக் காட்டை வெட்டி வெளியாக்க வேண்டும் என்பது பஞ்சாயத்தின் தீர்மானம். தெளிப்பது அவர்கள் வேலை. அவர்களை மேய்ப்பது மேட் சத்தியபாயின் வேலை.

மற்ற வார்டுகளில் தெளிப்பு என்றால் அரிவாளை வீசிப் புல்லின் தலையைக் கொய்துவிட்டு, அயனி மர நிழலில் பொதிச்சோற்றை அவிழ்ப்பது. சத்தியபாயிடம் அது செல்லாது. வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தை மம்மட்டியால் செதுக்க வேண்டும். தொட்டாவாடி என்கிற தொட்டாற்சுருங்கியின் முள் காலைக் கீறுகிறது என்று யாராவது முனகினால், "அதுக்குத்தான் அதை முதல்ல பிடுங்கச் சொல்லுதேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது அவளுடைய சேலை மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. கரையும் அப்படித்தான் இருக்க வேண்டும் அவளுக்கு.

அதிலும் தன் வீட்டுக்கு முன்னால் ஓடும் பகுதியை இரண்டு முறை செதுக்க வைத்தாள். மேட் தன் வீட்டு முகப்பை மட்டும் ஏனோதானோ என்று விட்டுவிட்டாள் என்று ஊர் பேசும். அல்லது தன் வீட்டு முகப்பை மட்டும் நன்றாகச் செய்துகொண்டாள் என்று பேசும். எப்படியும் பேசும் என்றால் இரண்டாவது பேச்சே மேல் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

வேலை முடிந்த அன்று பஞ்சாயத்து ஓவர்சியர் தன்யா ஸ்கூட்டரில் வந்தாள். பாட்டனி படித்த பெண், சின்ன வயது, யாரையும் கடிந்து பேசாதவள். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்குமுன் ஒரு படம், நடக்கும்போது ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் போனில் ஏற்ற வேண்டும். முந்தின படத்தில் காடு இருக்க வேண்டும், முடிந்த படத்தில் மண் தெரிய வேண்டும். இல்லையென்றால் மேலே இருந்து கேள்வி வரும். தன்யா சத்தியபாயைச் சிவந்த மண்ணின் நடுவே நிறுத்திப் படம் எடுத்தாள். பார்த்துவிட்டு, "சேச்சி, சூப்பர்" என்றாள். அந்தப் படம் எங்கே போகிறது என்று சத்தியபாய் கேட்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றது நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் மழை பிடித்தது.

சத்தியபாயின் கணவன் ரெத்தினதாஸ் ஒரு காலத்தில் அம்பூரி மலையில் ரப்பர்ப் பால் வெட்டியவர். ஒரு மழைக்காலக் காலையில் படித்தட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் முட்டு போனது. அதற்குப் பிறகு மரத்துக்கு மரம் ஓடுகிற வேலை அவருக்கு முடியாது. தேனீப் பெட்டிகள்தான் பிழைப்பு, நாற்பது பெட்டி. தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் ஊறும். அப்போது பெட்டிகளை வண்டியில் ஏற்றி அம்பூரிக்குக் கொண்டுபோய், மோகனன் என்பவருடைய ரப்பர் தோட்டத்தில் வைப்பார். தேன் எடுத்து முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து, மழைக்காலம் முழுக்க அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வார். மழையில் ஒரு துளி தேன் கிடையாது. பார்த்துக்கொள்வது மட்டும்தான். அந்தப் பார்த்துக்கொள்ளலில் ரெத்தினதாஸுக்கு ஒரு கௌரவம் இருந்தது. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், மனிதர் "நமக்கு நாற்பது குடும்பம் உண்டு" என்பார்.

கர்க்கடகம் என்கிற ஆடியில் ஒரு காலை மழை விட்டது. சத்தியபாய் மரச்சீனியை வேகவைத்துவிட்டு நெத்தோலிக் கறியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். ரெத்தினதாஸ் வெளியே இருந்து கூப்பிட்டார்.

"சத்தி, இஞ்ச வா."

"நெத்தோலி அடுப்புல கெடக்கு."

"எறக்கி வச்சிட்டு வா."

அவர் சாதாரணமாக அடுப்பை இறக்கச் சொல்கிறவர் இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். பெட்டிகள் காலுள்ள பலகைகளில் வரிசையாக இருந்தன. எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர்ச் சிரட்டையில் நின்றது. ஒரு பெட்டியின் வாசல் பலகையில் வெள்ளையாகச் சிறிய புழுக்கள் கிடந்தன. தேனீ ஒன்று உள்ளிருந்து இன்னொரு புழுவை இழுத்துக்கொண்டு வந்து விளிம்பிலிருந்து கீழே தள்ளியது.

"என்னத்த செய்யுது அது?"

"பிள்ளைய தூக்கி வெளிய எறியுது."

சத்தியபாய் குனிந்து பார்த்தாள். "சீக்கா? அந்தக் காலத்தில எல்லாருக்க ஈயும் ஒண்ணா செத்ததே, அந்த சீக்கா?"

"அதுன்னா புழு பையி கணக்க வீங்கும். இது வீங்கல. நல்ல புழுவாக்கும். தீனி இல்ல, அதுதான் எறியுது. பசி."

"நீங்க சீனி கலக்கி வைக்கியளே. நேத்தும் வச்சிய."

"சீனி பெரியதுக்கு ஆவும். பிள்ளைய வளக்க பூம்பொடி வேணும். தென்னம்பாளை பூரா மழையில ஊறி நாறிக் கெடக்கு. அதுல என்ன பொடி கிடைக்கும்?" அவர் இன்னொரு பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அடைகள் இருந்தன. ஈ ஒன்றுகூட இல்லை. "இது போச்சு. அந்த மூலையில ஒம்பதும் போச்சு. இஞ்ச இருந்தா சாவுதான்னு பட்டா பறந்து போயிரும். நாம என்ன செய்ய?"

அவர் மூடியை மூடினார். மூடும்போது தோட்டுக்கரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டதில்தான் சத்தியபாய்க்கு விஷயம் பிடிபட்டது. வழக்கமாகக் கர்க்கடகத்தில் கரை முழுக்கத் தொட்டாவாடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். காலையில் ஈக்கள் காலில் பொடி அப்பிக்கொண்டு அதிலிருந்துதான் திரும்பும். அவள் சிறுபிள்ளையில்லை, இருபது வருஷமாகப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இடவத்தில் என்ன ஆனது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணைக்கே சொல்லப்பிடாதா?" என்றாள்.

"எண்ணைக்கு?"

"நான் செதுக்கும்ப."

ரெத்தினதாஸ் பெட்டியின் மேல் கல்லை எடுத்து வைத்தார். "ரெண்டாம் மட்டம் செதுக்கும்ப சொல்லணும்னு எறங்கி வந்தேன். நீ எல்லாரையும் நிறுத்தி வச்சு வேலை வாங்கிட்டு நின்னே. அந்த பிள்ளையும் போட்டோ எடுக்க வந்துட்டு. ஒனக்க மொகத்தில அப்படியொரு சந்தோஷம். பெறவு என்னத்த சொல்ல? எதிர்க்கரை இருக்கே, அதுல மேஞ்சுக்கிடும்னு நெனச்சேன்."

இருவரும் எதிர்க்கரையைப் பார்த்தார்கள். எதிர்க்கரை அடுத்த வார்டு. அங்கே மேட் ஜிஜி. எந்த வருஷமும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிறவள். இந்த வருஷம் அந்தக் கரையும் மொட்டையாக இருந்தது.

"அவளுக்கு எப்பம் வந்து இந்த ஆர்வம்?" என்றாள் சத்தியபாய் எரிச்சலோடு. "ஒரு நாளும் வேரு பிடுங்காதவ."

"நல்ல காரியம் படிக்க காலம் உண்டா?" என்றார் அவர். குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாப்பிடும்போது மோகனன் போனில் கூப்பிட்டார். அம்பூரித் தோட்டத்துக்காரர், குரலிலேயே மலையும் காற்றும் இருக்கும். வெள்ளறடையிலிருந்து ஒருவன் வந்து இடம் கேட்கிறான் என்றார். "ரெத்தினதாசே, எனக்கு உங்களத்தான் அறியும். ஆனா முப்பது பெட்டியாவது வேணும். பத்தும் பதினஞ்சும் கொண்டு வந்தா அவனுக்குக் குடுத்திருவேன், சொல்லலேன்னு பெறவு பறய வேண்டாம்."

"முப்பது வரும்" என்றார் ரெத்தினதாஸ். போனை வைத்துவிட்டு மரச்சீனித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்பம் எத்தனை உயிரோட உண்டு?" என்று கேட்டாள் சத்தியபாய்.

"முப்பது பெட்டியில ஈ உண்டு. பாதி பெட்டியில ராணிக்க கூட ஒரு கைப்பிடிதான். இந்த மாசம் தாண்டுமான்னு கேளு."

அம்பூரி இடம் போனால் தேன் இல்லை. தேன் இல்லையென்றால் ரெத்தினதாஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பார். கண்ணெதிரே அந்தக் காட்சி வந்து நின்றது அவளுக்கு. அதைவிட மோசம், அதற்குக் காரணமாகத் தன் மம்மட்டியை அவர் ஒருநாளும் சொல்லமாட்டார் என்பது. திட்டுகிற புருஷனாக இருந்தால் பதிலுக்குத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அவள் ஈக்களின் பின்னாலேயே போனாள். பெட்டியிலிருந்து எழும்பியவை கரையில் இறங்கவில்லை. ஏலாவின் மேல்புறம், சரசம்மாவின் புரையிடத்துக்குப் போயின. வீட்டுக்குப் பின்னால் நாற்பது சென்ட், பல வருஷமாக யாரும் கைவைக்காத இடம். வேலியில் கொடிரோஸ் ஏறிப் பரந்து இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. கீழே தொட்டாவாடியும் தும்பையும் முட்டளவு நின்றன. ஊரில் உள்ள ஈ எல்லாம் அங்கேதான் இருந்தது. இரைச்சல் காதை நிறைத்தது. சத்தியபாய்க்கு அழுகை வந்தது, சந்தோஷத்திலா பயத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏனென்றால் வருகிற திங்கள்கிழமை தெளிக்க வேண்டிய இடம் அதுதான். சரசம்மாதான் மனு கொடுத்திருந்தாள். எஸ்டிமேட் பாஸாகி வந்திருந்தது.

சரசம்மா சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கேறி இரி பிள்ளே. என்ன இந்த நேரத்தில?"

"பின்னால உள்ள புரையிடம் பாக்க வந்தேன் அக்கா."

"நல்லதா தெளிக்கணும் கேட்டியா. தோட்டுக்கரை தெளிச்ச மாதிரி. ஓணத்துக்கு எனக்க மோன் அஜேஷ் வாறான், அவனுக்க கொச்சு மோனும் கூட. துபாயில மார்பிள்ள நடக்கிற பிள்ளையாக்கும். பின்னால எறங்கி ஓடினா? போன வருஷம் அணலிப் பாம்பு ஒண்ண கிருஷ்ணன்குட்டி அண்ணன் அடிச்சாரு, ஓர்மையுண்டா?"

"உண்டு அக்கா."

"பின்னே?"

சத்தியபாய் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேட் பதவியில் இருந்துகொண்டு தன் புருஷனுடைய ஈக்காக ஒரு வேலையை நிறுத்தச் சொல்வது எப்படி? ஊரில் ஒரு மரச்சீனித் துண்டை இலவசமாக வாங்கித் தின்னாதவள் அவள்.

"என்ன பிள்ளே, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல. கொடிரோஸ் நல்லா பூத்திருக்கு."

"ஆமா, அது கெடக்கு." சரசம்மா துருவலை நிறுத்தினாள். "பூவுக்க காரியம் பறஞ்சது நல்லதாச்சு. ஓணத்துக்கு அத்தப்பூ போட அஜேஷுக்க பொண்டாட்டி ஆசையா இருக்கா. செண்டுமல்லி, வாடாமல்லி எல்லாம் பாறசாலை சந்தையில வரும், தோவாளையிலேருந்து லாரியில. தும்பை எவன் கொண்டு வருவான்? தும்பை இல்லாம என்ன ஓணம்? எப்பளும் தோட்டுக்கரையில நுள்ளுவேன். இந்த வருஷம் ஒரு செடி இல்ல. சொல்லப்பிடாது, நீங்க தெளிச்சது கொஞ்சம் கூடிப்போச்சு."

"கூடித்தான் போச்சு" என்றாள் சத்தியபாய்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். எறியப்பட்ட புழுக்களைச் சொன்னாள், மோகனனின் போனைச் சொன்னாள். சரசம்மா தேங்காய்மூடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிவில், "எனக்கு பாம்பு பயம். அதை என்னால மாற்ற முடியாது" என்றாள். தேங்காய்மூடியைத் திரும்பக் கையில் எடுத்து, "வீட்டச் சுற்றியும் கிணற்றுக்குப் போற வழியும் தெளிஞ்சா எனக்குப் போதும். மிச்சத்த உனக்க பெண்ணுங்க கூட பேசிக்கோ. அவங்க நாளுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அந்த நாள்தான் அடுத்த முள். ஓணத்துக்கு முன் நூறு நாள் வேலை முடித்தவர்களுக்கு அரசாங்கம் உத்சவப்படி என்று பண்டிகைப் பணம் கொடுக்கும். பலருக்கு இன்னும் நாள் திகையவில்லை, நூறு நிறையவில்லை. சரசம்மாவின் புரையிடம் ஒரு வாரத்து வேலை. வழியும் வாசலும் மட்டும் என்றால் ஒரு காலைக்குத் தாங்காது.

திங்கள்கிழமை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாக வந்து வேலியோரம் நின்றார்கள். சத்தியபாய் வழக்கமாகச் சொல்கிற 'பிள்ளைகளா, நேரே எறங்குங்க' என்பதைச் சொல்லவில்லை.

"இந்த வேலையில எனக்க காரியமும் உண்டு" என்றாள். "மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. எனக்க வீட்டுக்காரருக்க ஈ இந்தப் புரையிடத்தில உள்ள பூவ நம்பியாக்கும் இப்பம் கெடக்கு. இதையும் செதுக்கினா முடிஞ்சுது. செதுக்காண்டாம்னு மேட் சொல்லல. சத்தியபாய் கேக்குதேன்."

ஸ்ரீகுமாரி முன்னால் வந்தாள். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. புருஷன் படுத்த படுக்கை, இரண்டு பெண்பிள்ளைகள்.

"இடவத்தில தொட்டாவாடி கீறி எனக்க காலு ரெண்டும் பழுத்துது. ஒரு வேரு விடாம பிடுங்கச் சொன்னது ஆரு?"

"நான்தான்."

"ரெண்டு வேரு விட்டேன்னு என்னைத் திருப்பி அயச்சது ஆரு?"

"நான்தான்."

"இப்பம் அந்தச் செடி வேணும்."

"வேணும்."

"உங்களுக்கு ஈ பட்டினி கெடக்குதுன்னு வேணும். எனக்க வீட்டில ஆளு பட்டினி கெடந்தா நான் ஆருகிட்ட கேக்க? இந்த வாரம் வேலை இல்லேன்னா எனக்கு நூறு திகையாது. உங்களுக்குத் திகைஞ்சாச்சு, பேசலாம்."

அது உண்மை. சத்தியபாய்க்கு முகம் சுட்டது. வருகைப் படம் எடுக்கிற போனை நீட்டினாள். "இந்த வேலைக்கு நீ மேட்டா நில்லு. நீ என்ன சொல்லுதியோ அது. வேரோட பிடுங்கணும்னா நானும் பிடுங்குதேன்."

ஸ்ரீகுமாரி போனை வாங்கவில்லை. சத்தியபாயை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வேலிக்கு மேலே எட்டி உள்ளே பார்த்தாள். தூறலிலும் இரண்டொரு ஈ கொடிரோஸில் இருந்தது.

"எனக்கு அந்தக் குந்தம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "மேல் ஏலாவில மழைக்குழி வெட்டுற வேலை உண்டுன்னு அந்த ஓவர்சியர் பிள்ளை சொல்லிச்சில்லியா? அந்த வேலைய இஞ்ச மாற்றினா என்ன? குழிக்கு உள்ள எடம் மட்டும் தெளிச்சா போரும். நடுவில உள்ளது நின்னுட்டுப் போட்டும். சரசம்மா அக்காவுக்க கிணறு கும்ப மாசத்தில வற்றுது. அவங்களும் வேண்டாம்னு சொல்ல மாட்டாவ."

"மண்ணு வெட்டுறது புல்லு பிடுங்குற மாதிரி இல்ல. கஷ்டமாக்கும்" என்றாள் சத்தியபாய்.

"கஷ்டம் எனக்குப் புதுசா?"

தன்யாவுக்குப் போன் போட்டார்கள். வேலையை மாற்ற ஒரு கையெழுத்து வேண்டும், பார்க்கிறேன் என்றாள். மத்தியானத்துக்குள் அவளே கையெழுத்தோடு வந்துவிட்டாள். எஸ்டிமேட்டில் "காடு தெளித்தல்" என்று எழுதும்போதெல்லாம் தனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று சொன்னாள். படித்ததை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்று சிரித்தாள். குழிகளுக்கு இடம் அளந்து கொடுத்தாள். தெளிக்க வேண்டிய வழியும் வாசலும் முதல் நாளே முடிந்தன. மறுநாளிலிருந்து மம்மட்டிகள் மண்ணில் இறங்கின. ஈரமண் கனத்தது. பெண்கள் இருவர் இருவராக வெட்டினார்கள், ஒருத்தி வெட்ட ஒருத்தி அள்ளினாள். சத்தியபாயும் வெட்டினாள். இடுப்பு விட்டுப் போனது. இடையில் ஸ்ரீகுமாரியை ஈ ஒன்று கொட்டியது. "நன்னி கெட்ட சாதி" என்று அவள் வைத வசவைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சரசம்மா கட்டன் சாயாவும் அவித்த காய்ச்சில் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டில் ரெத்தினதாஸ் நலிந்த குடும்பங்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிக்கு மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் பத்திரிகைத் தாளை விரிப்பார். ஈக்கள் தாளைக் கடித்துத் துளைத்து ஒன்றையொன்று அடைவதற்குள் வாசனை பழகிவிடும், சண்டை வராது. முப்பது இருபத்திரண்டு ஆனது. ஆனால் இருபத்திரண்டிலும் ஈக்கள் பொடியோடு வரத் தொடங்கின. வாசலில் புழு கிடப்பது நின்றது.

"துலா மாசத்தில பெட்டியப் பிரிச்சா எட்டு கூட்டலாம்" என்றார். "தை மாசத்துக்கு முப்பது ஆவும், பூ இருந்தா."

"இருக்கும்" என்றாள் சத்தியபாய்.

"நம்ம பக்கம் இருக்கும். ஈக்கு வார்டு தெரியாது பாத்துக்கோ. எதிர்க்கரையில முளைச்சு வாறதையும் ஓணத்துக்கு முந்தி செதுக்கப் போறாவளாம்."

அடுத்த நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சத்தியபாய் தென்னந்தடிப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனாள். ஜிஜி தன் வேலைப் பெண்களோடு கலுங்குத் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா சத்தியபாயி அக்கா. என்ன இந்தக் கரைக்கு?"

"ஒரு காரியம் சொல்ல வந்தேன். நீங்க இதைச் செதுக்காம விட்டா கொள்ளாம். சும்மா தலைய கொய்ஞ்சா போரும், பண்டு செய்த மாதிரி."

ஜிஜியின் முகம் மாறியது. "பண்டு செய்தா மோசம்னு ஏசினாவ. நல்லா செய்தா அதுவும் குற்றமா?"

"வேரோட பிடுங்க ஆரு சொன்னா?"

"ஆரு சொன்னாவா? நீங்க தான் அக்கா!" ஜிஜி இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தடவினாள். "பாருங்க. மேட்டுகளுக்க குரூப்பில வந்தது. இப்படி இருக்கணும்னு எழுதி வந்தது. பஞ்சாயத்தில உள்ள எல்லா வார்டுக்கும் போச்சு. திருப்புறத்தில எனக்க நாத்தூனும் மேட்டாக்கும். அவளுக்கும் ஆரோ அயச்சு, அவ எனக்குத் திரும்ப அயச்சா. இத பாத்துப் படிச்சதாக்கும் நாங்க."

போனில் சிவந்த மண். ஒரு புல் இல்லை. நடுவே இடுப்பில் கைவைத்து, முக்காட்டுத் துண்டோடு, சிரித்துக்கொண்டு சத்தியபாய். கீழே 'மாதிரி' என்று எழுதியிருந்தது.

சத்தியபாய் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். ரப்பர் மேட்டிலிருந்து திருப்புறம் வரை தோட்டின் இரண்டு கரையும் அவள் கண்ணில் வந்தது. ஒவ்வொரு கரையிலும் யாரோ ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். தன் வீட்டு முகப்பை ஊர் என்ன சொல்லும் என்று அன்று யோசித்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதை அவள் ஜிஜியிடமிருந்து மறைக்கவும் இல்லை.

"தப்பான காரியத்த நல்லா செய்திட்டேன்" என்றாள். "நீ செதுக்காதே மக்கா. நான் வேற ஒண்ணு அயச்சுத் தாறேன்."

"என்னத்த?"

"வரும். பாரு."

சரசம்மாவின் புரையிடத்தில் கடைசிக் குழி முடிந்த அன்று வெயில் அடித்தது. சிங்கம் என்கிற ஆவணி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஸ்ரீகுமாரிக்கு நாள் திகைந்துவிட்டது. தன்யா படம் எடுக்க வந்தாள். குழிகளைத் தனித்தனியாக எடுத்தாள், தெளித்த வழியை எடுத்தாள். "போரும் சேச்சி" என்றாள்.

"போராது. இஞ்ச வா."

சத்தியபாய் இரண்டு குழிகளுக்கு நடுவே, முட்டளவு தொட்டாவாடியிலும் தும்பையிலும் இறங்கி நின்றாள். முள் சேலையைப் பிடித்து இழுத்தது. பின்னால் வேலி முழுக்கக் கொடிரோஸ். அவளைச் சுற்றி ஈ பறந்தது.

"எடு."

"சேச்சி, இதில குழி சரியா தெரியல. முழுசும் செடிதான் தெரியுது."

"அது தெரிஞ்சா போரும்."

தன்யா போனைத் தூக்கினாள், மறுபடி தாழ்த்தினாள். "ஓபீஸில கேப்பாவ. காடு அப்படியே நிக்குதே, இது வேலை தொடங்குமுந்தி எடுத்த படமில்லியான்னு கேப்பாவ. நான் என்ன போட? முந்தின படம்னா, முடிஞ்ச படம்னா?"

ஒரு ஈ வந்து சத்தியபாயின் முக்காட்டுத் துண்டில் உட்கார்ந்தது. அவள் கையை ஓங்கவில்லை. இந்தத் தடவை இடுப்பில் கை வைக்கவும் இல்லை. பூவில் கைபடாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்ச படம்" என்றாள். "எல்லா வார்டுக்கும் அய. கீழே எழுது, மாதிரின்னு."